வானத்துக் கண்ணுக்குத் தப்பிய கப்பல்

ஒளிந்துகொள்வது எப்படி என்று கேட்க வந்த மனிதர், வெகு தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும்படி வந்தார். செம்மணல் மேடான தேரியில் கார்ச் சக்கரம் புதைந்துவிட்டதால், வெள்ளைச் சீருடை வியர்வையில் நனைய நனைய மணலில் நடந்தார். பனையேறிகளிடம் வழி கேட்டார். கேட்ட இடத்திலெல்லாம் தன் பதவியையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் பெயர் பிலவேந்திரன். கடற்படையில் கமாண்டர். கப்பலில் போவதை விட்டு வெகு காலமாகிவிட்டது. எதிரியின் கண்ணில் படாமல் கப்பல்களை ஒளித்து வைக்க வழி தேடுவதுதான் இப்போது அவர் உத்தியோகம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார்.

தேரிக்காட்டின் நடுவே ஓலைக் குடிலில் இருந்த உலகம்மாளைத் தேடித்தான் அவர் வந்தார். அந்த அம்மாளுக்கு அவரைவிட வயது ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும். சாமியார் என்று ஊர் சொன்னது, அவர் சொல்லிக்கொண்டதில்லை. முன்பு தலைநகரத்தில், செயற்கைக்கோள்கள் அனுப்பும் கடல் படங்களைப் பார்த்து, எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லும் வேலையில் இருந்தவர். அவர் கண்ணுக்குத் தப்பிய கப்பல் கிடையாது என்பார்கள். ஒருநாள் அவர் விரல் வைத்துக் காட்டிய கப்பல் மறுநாள் படத்தில் இல்லை. அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த அறைக்கு அவர் போகவில்லை.

குடிலில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஆனால் விடை வாங்கிப் போனவர் அடுத்த கேள்வியோடு வந்தால், முந்தின விடையைக் கொண்டுபோய் என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இதற்குப் பயந்தே பலர் இரண்டாம் தரம் வருவதில்லை. பிலவேந்திரன் அப்படிப் பயப்படுகிற ஆள் இல்லை.

உலகம்மாள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேலேருந்து பாக்கிற கண்ணுக்கு ஒரு கப்பல் எப்படித் தப்பும், அம்மா?"

"எதுக்குத் தப்பணும்?"

"எல்லையில நெலம சரியில்ல. எப்ப என்ன ஆகும்னு தெரியல. என் தங்கச்சி மகன் இப்பத்தான் கப்பல்ல சேந்திருக்கான். டெல்வின்னு பேரு. தகப்பன் இல்லாத பிள்ள. அவனை எவனும் வானத்துலேருந்து குறி பாத்துரக் கூடாது."

உலகம்மாள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். குறி என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை உட்காரச் சொன்னார் என்று தோன்றுகிறது.

பிலவேந்திரன் விளக்கினார். மேலே சுற்றுகிற கண்களில் ஒன்று படம் பிடிப்பது. மேகம் வந்தால் அதற்குத் தெரியாது. இன்னொன்று ரேடார், அதற்கு மேகமும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். மூன்றாவது கண் அல்ல, காது. கப்பல் பேசினால் கேட்டுவிடும். இவை எந்த நேரத்தில் தலைக்கு மேல் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனாலும் ஒரு சங்கடம் இருந்தது. கப்பலை ஒளித்தாலும் அதன் வாலை ஒளிக்க முடியவில்லை. ஓடுகிற கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கிழிந்து மைல் கணக்கில் நீண்டு கிடக்கிறது. மேலே இருப்பவன் முதலில் வாலைப் பார்க்கிறான். பிறகு அதன் நுனிக்கு வந்து சேர்கிறான்.

உலகம்மாள் எதிரே கிடந்த சிவப்பு மணல்வெளியைக் காட்டினார். அதன் அந்தப் பக்கம் ஓர் ஒற்றைப் பனை நின்றது.

"அந்தப் பனை வரைக்கும் போயிட்டு வாங்க. நீங்க போனது எனக்குத் தெரியக் கூடாது."

பிலவேந்திரன் ஒரு காய்ந்த ஓலையை எடுத்துக்கொண்டு, நடந்த தடத்தைப் பெருக்கிக்கொண்டே போய்விட்டு வந்தார்.

"யாரோ பெருக்கிக்கிட்டே போயிருக்காங்க" என்றார் உலகம்மாள்.

பிலவேந்திரன் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, இன்னொரு பக்கமாகப் போய் வந்தார்.

"யாரோ பயந்துகிட்டே போயிருக்காங்க."

கமாண்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் விட்டுக் கொடுக்கிறவர் இல்லை. வெயில் தாழ்ந்தபோது காற்று எழும்பியது. ஆடி மாதத்துத் தேரிக் காற்று. மணலை அள்ளி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிப் போடுகிற காற்று. அது வீசும்போது எழுந்து நடந்தார். அவர் பனையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள், போன தடம் மூடிவிட்டது. தலை, மீசை, சட்டைப் பை எல்லாம் மணலாக வந்து நின்றார்.

"தெரியுதா, அம்மா?"

"தெரியல."

"அப்ப வெட கெடச்சிட்டு."

"திரும்பி வரும்போது உங்களுக்கு வழி தெரிஞ்சுதா?"

"குடில்ல பொகை வந்துச்சே. அதப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்" என்று சிரித்தார் பிலவேந்திரன்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. அடுப்பை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிழங்கு உரிக்கத் தொடங்கினார்.

சில மாதம் கழித்துப் பிலவேந்திரன் மறுபடி வந்தார். இந்தத் தடவை சீருடை இல்லை. வழியில் யாரிடமும் பதவியைச் சொல்லவும் இல்லை. ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கமாகிக்கொண்டு வந்தது.

"வெடையக் கொண்டுபோயி என்ன செஞ்சிய?"

"கடல் அடங்கிக் கெடந்தா ஊர்ந்து போகச் சொன்னேன். காத்தடிச்சு அலை வெள்ளையா ஒடையிற நேரம் பாத்து ஓடச் சொன்னேன். அத்தனை வெள்ளையில கப்பலோட வாலு எது, அலை எதுன்னு தெரியல. நம்ம ஆளுகளையே ஒரு கப்பலைத் தேடச் சொல்லிப் பாத்தோம். கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுத் தேடினாங்க."

"கெடச்சுதா?"

"கெடச்சுட்டு. அதான் வந்தேன்."

காரணம் விசித்திரமாக இருந்தது. கடலில் போகிற கப்பல்கள் எல்லாம் தங்கள் பெயரையும் போகிற ஊரையும் ஓயாமல் வானொலியில் சொல்லிக்கொண்டே போகின்றன, ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காக. பிலவேந்திரனின் கப்பல் மட்டும் மூச்சு விடவில்லை. மேலேயிருந்து ரேடார் பார்த்தபோது, புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர் இல்லாத புள்ளி ஒன்றே ஒன்றுதான். விரலை வைத்துவிட்டார்கள்.

"வாயத் தொறந்தா காது கேக்குது. மூடினா கண்ணு பாக்குது. என்ன செய்ய?"

உலகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். இருவரும் தேரியிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனார்கள். மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். கூட்டம் கடலை மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தது. ஒருவன் கேட்ட விலைக்கு மேல் ஒருத்தி கேட்க, அவளுக்கு மேல் இன்னொருத்தி கேட்க, ஏலக்காரன் எல்லோரையும் வைதுகொண்டிருந்தான்.

"இதுல யாரு வீட்டுல துக்கம்னு சொல்லுங்க, பாப்போம்" என்றார் உலகம்மாள்.

பிலவேந்திரனுக்கு நொடி நேரம்கூடத் தேவைப்படவில்லை. கூட்டத்துக்குள்ளேயே, காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ஏலம் கேட்கவில்லை.

"அந்த அம்மா. அவ மட்டுந்தான் பேசாம இருக்கா."

உலகம்மாள் போய் அவள் பக்கத்தில் குந்தி, தோளில் கை வைத்து என்னவோ சொன்னார். அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு எழுந்து நின்று, எல்லோரையும்விடச் சத்தமாக ஒரு விலையைக் கேட்டாள். ஏலக்காரன் அவளையும் வைதான்.

"இப்ப?"

"இப்பக் கண்டுபிடிக்க முடியாது" என்றார் பிலவேந்திரன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கப்பலப் பேச வுடணும். வேற பேருல பேச வுடணும். அம்மா, இது போதும் எனக்கு."

"அவ துக்கம் போயிட்டுன்னு நெனக்கியளா?"

கமாண்டர் அதற்குள் காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டிருந்தாலும் அது கப்பலைப் பற்றிய பேச்சு இல்லையே என்று விட்டிருப்பார்.

மூன்றாம் முறை வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. தேரி நனைந்து அடர்சிவப்பாகக் கிடந்தது. வழக்கப்படி அவரே முதலில் சொன்னார்.

"உப்பு ஏத்திட்டுப் போற சரக்குக் கப்பல்னு பேச வச்சேன். யாருக்கும் சந்தேகம் வரல."

"பேரு எங்க கெடச்சுது?"

"பழைய கப்பல் ஒண்ணோட பேரு. எப்பமோ ஒடச்சு இரும்புக்குப் போட்டுட்டாங்க. அந்தப் பேரு சும்மாத்தான கெடக்கு, எடுத்துக்கிட்டேன்."

உலகம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"செத்த பேரயா வச்சிய?"

"பேருதான, அம்மா."

அவர் மறுபடி கல் பொறுக்கினார். பிலவேந்திரன் தன் கேள்வியைக் கேட்டார். இப்போது வானத்துக்குப் பயமில்லை. கரைக்குத்தான் பயம். கப்பல் எந்த வழியில் போகிறது என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்தவன் ஒருவன் வாய் தவறிச் சொன்னாலும் போதும். அப்புறம் காற்றும் மேகமும் கள்ளப் பெயரும் என்ன செய்யும்?

"நம்ம கண்ணுக்கே தெரியாம ஒளியணும், அம்மா. அதுக்கு என்ன வழி?"

"வேண்டாம்."

"அப்படிச் சொல்லாதிய. இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் அடைச்சிட்டா டெல்வினுக்குப் பயமில்ல. அவன் ஏறுற கப்பல் இந்த மாசமே கெளம்புது."

உலகம்மாள் மிச்ச அரிசியையும் பொறுக்கி முடித்தார். பிலவேந்திரன் எழுந்து போகவில்லை. கடைசியில் உலகம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"இந்தக் கரையில முத்துக் குளிச்ச காலத்துல, குளிக்கிறவன் இடுப்புல கயிறு கட்டி எறக்குவாங்க. மேல தோணியில அந்தக் கயித்தப் பிடிக்கிறவன் யாரா இருக்கணும்?"

"மச்சான்" என்றார் பிலவேந்திரன் உடனே. அவர் அந்தக் கரையில் பிறந்தவர். "பெஞ்சாதி கூடப் பெறந்தவன் கையிலதான் குடுப்பாங்க. தங்கச்சி தாலியில்லா? அவன் வுட மாட்டான்."

"ஒருத்தன் கடலடியில சிப்பி நெறஞ்ச நல்ல பார் ஒண்ணு கண்டுபிடிச்சான். அள்ள அள்ள முத்து. மத்த தோணிக்காரங்க மோப்பம் பிடிச்சிட்டாங்க. கயிறு எங்க எறங்குதோ, அங்க வந்து அவங்களும் குதிச்சாங்க. அவன் மச்சானக் கூப்பிட்டுச் சொன்னான், இந்தக் கயிறுதான் என்னயக் காட்டிக்குடுக்கு, நாளைக்கு இதக் கட்டாத, நான் எங்க இருக்கேன்னு ஒனக்கே தெரியாட்டா ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு."

"சரி."

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா? மச்சான் என்ன செஞ்சான்?"

"கட்டுனான்னும் சொல்லுவாங்க. கட்டாம வுட்டான்னும் சொல்லுவாங்க. நீங்க எதக் கொண்டுபோகப் போறிய?"

பிலவேந்திரன் கும்பிட்டுவிட்டு எழுந்தார். கார் போகும் வரை உலகம்மாள் வாசலிலேயே நின்றார். யாருக்கும் அவர் அப்படி நின்றதில்லை.

டெல்வின் ஏறிய கப்பலின் சொந்தப் பெயர் முத்துக்கொடி. கிளம்புகிற அன்று பிலவேந்திரன் அதன் கேப்டனைத் தனியாக அழைத்து, "எந்த வழியாப் போறீங்கன்னு எங்கிட்டகூடச் சொல்லாதீங்க" என்றார். கேப்டன் சலாம் வைத்தார். காதும் காதும் வைத்தாற்போல் எல்லாம் நடந்தது. அதைப் பார்த்து கமாண்டருக்கு ஒரு நிறைவு.

அவருடைய தங்கை பிரகாசி ஒரு டப்பாவில் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் துறைமுக வாசலில் வைத்தே மகனிடம் கொடுத்தாள்.

"பயப்படாத மக்கா. ஒம் மாமன் இருக்கான்" என்றாள்.

டெல்வின் மாமனைப் பார்த்துச் சிரித்தான். அவன் பயந்த மாதிரியே இல்லை. மாமனுக்குத்தான் கண் கலங்கியது. இனி எவனும் இந்தப் பிள்ளையை மேலேயிருந்து பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

கப்பல் போயிற்று. அதற்குப் பிறகு நடுக்கடலில் ஒரு புயல் எழுந்து, கரைப் பக்கம் வராமலே அங்கேயே சுற்றிவிட்டு ஓய்ந்தது. கரைக்கு வராத புயலை யார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்ப வேண்டிய நாள் வந்தது, போனது. இன்னும் ஒளிந்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் மெச்சிக்கொண்டார்கள். பிலவேந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த வாரம் யாரும் குலுக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. விமானங்களை அனுப்பினார்கள். எந்தத் திசையில் தேடுவது என்று விமானிகள் கேட்டபோது, அறையில் இருந்த எல்லோரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். அவர் வரைபடத்தைப் பார்த்தார். அது முழுவதும் நீலமாக இருந்தது.

பிரகாசி தினமும் போன் செய்தாள். "அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா?" என்பாள். "வந்துருவான்" என்பார். "எங்க இருக்கான்னாவது சொல்லேன்" என்பாள். "அதச் சொல்லக் கூடாது" என்பார். ரகசியம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது என்ற ஆறுதலில் போனை வைத்தாள். இதைவிட அவள் அவர் முகத்தில் அறைந்திருக்கலாம்.

நான்காம் தடவை அவர் குடிலுக்கு வந்தது விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. கையில் ஒரு பெரிய மடிக்கணினி இருந்தது. நம்முடைய செயற்கைக்கோள்கள் அந்த நாட்களில் எடுத்த கடல் படங்கள் முழுவதும் அதற்குள் இருந்தன. ஆபீசில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் அகப்படவில்லை. வெளி ஆளுக்குக் காட்டக் கூடாதவை. காட்டினால் அவர் வேலை போய்விடும். அதெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை.

உலகம்மாள் அவரைப் பார்த்ததும் கேட்கத்தான் செய்தார். வழக்கம் வழக்கம்தான்.

"வெடையக் கொண்டுபோயி என்ன செஞ்சிய?"

"கயித்தக் கட்டல, அம்மா."

மணலிலேயே உட்கார்ந்தார். அழுகை வந்தது. மீசையும் வயதுமாக இருக்கிற மனிதர் அழுதால் பார்ப்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது. உலகம்மாள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"கண்டுபிடிச்சுக் குடுங்க. நீங்க பாத்தா தெரியும். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொல்லுவாங்க."

"நான் அதப் பாக்கதில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

உலகம்மாள் உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையைக் கழுவியிருந்தார். பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, கணினி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

முதல் படம் வந்தது. சாம்பல் நிறக் கடல், மேலே பஞ்சு பஞ்சாக மேகம்.

"கப்பலுக்கு என்ன வண்ணம்?"

"இதே வண்ணந்தான். மழைக்காலத்துக் கடல் எப்படி இருக்குமோ, அப்படியே கலந்து அடிக்கச் சொன்னேன்."

அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று நகர்த்தினார். ஒவ்வொன்றையும் மூலையிலிருந்து மூலைக்கு உழுகிற மாதிரி பார்த்தார்.

"உப்புக் கப்பல்னு சொல்லிக்கிட்டுத்தான போச்சு? அந்தப் பேரு கடேசியா எங்க கேட்டுது?"

"தொறமுகம் தாண்டினதும் அதையும் நிறுத்தச் சொல்லிட்டேன். மத்த கப்பல் வராத பக்கமாத்தான் போகச் சொல்லியிருந்தேன். அங்க கேக்க ஆளு கெடையாது, ரேடார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பாது."

"பொகை?"

"கடல் தண்ணிய விட்டு ஆத்தித்தான் வெளிய விடுவாங்க. சூடு தெரியாது."

"குப்பை கொட்டுவாங்களே, அது மெதந்து வருமே."

"எல்லாத்தையும் கப்பல்லயே கட்டி வைக்கச் சொன்னேன்."

"பையங்க கையில போன் இருந்திருக்கும்."

"ஏறும்போதே வாங்கிட்டேன். ஒரு சாக்குல கட்டி என் அறையில வச்சிருக்கேன். மொத ரெண்டு மூணு நாளு சாக்குக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா சார்ஜ் தீந்து அடங்கிட்டு."

உலகம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு படத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பிலவேந்திரன் பாய்ந்து வந்து குனிந்தார்.

"மேகத்து நெழல்" என்றார் உலகம்மாள். விரலை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

உச்சி வெயில் ஆகிவிட்டது. அடுப்பு மூட்டவில்லை. யாரோ ஒரு கேள்வியோடு வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே திரும்பிப் போனார்.

"முழுகினா எண்ணெ மெதக்கும். அது கடல்ல வழுவழுன்னு ஒரு பாயி விரிச்ச மாதிரி தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புயல் ஓய்ந்த நாளின் படங்களை மறுபடி எடுத்தார். புயலுக்குப் பிறகு கடல் முழுவதுமே கலங்கிக் கிடந்தது. பாய் எதுவும் தெரியவில்லை.

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ நினைவுக்கு வந்தது போலக் குரலில் வேகம் வந்தது.

"கப்பல் முழுகினா, தானாக் கழண்டு மேல வந்து மெதக்கிற பெட்டி ஒண்ணு உண்டே. தண்ணி பட்டதும் அதுவே வானத்தப் பாத்துக் கத்துமே, நாங்க இங்க இருக்கோம்னு. அது கத்தியிருக்கணுமே."

பிலவேந்திரன் கணினித் திரையிலிருந்து பார்வையை எடுத்தார்.

"கமாண்டரே?"

"பெரிய அலை அடிச்சா அது தெரியாத்தனமாக் கத்திரும், அம்மா. கத்துனா எல்லாரும் கேட்டுருவாங்க." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கழட்டி வச்சிட்டுப் போகச் சொன்னேன்."

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கோபப்படுவார் என்று பிலவேந்திரன் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் அடித்தது. பிரகாசி. பிலவேந்திரன் எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணே, நேத்து அவன் பெறந்த நாளு. கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். இப்ப அவன் கரைக்குப் பக்கமா வந்திருப்பானா?"

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"சரி, சரி. சொல்லக் கூடாது, தெரியும். நீ பாத்துக்கிட்டு இருக்கல்லா? அது போதும் எனக்கு" என்று அவளே சொல்லிவிட்டு வைத்தாள்.

போனில் பேசியது முழுவதும் உலகம்மாளுக்கும் கேட்டிருந்தது. பிலவேந்திரன் அவர் முன்னால் கையைக் குவித்தார்.

"அம்மா, அந்தக் காலத்துல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிய? ஒரு கப்பல் விடாமப் பிடிச்சியளே. அந்த வித்தையச் சொல்லுங்க. நானும் கூட உக்காந்து பாக்கேன்."

"வித்தை ஒண்ணும் இல்ல. எம்புட்டுக் கெட்டிக்காரனா இருந்தாலும் ஒளியிறவன் ஒரு எடத்துல தப்புப் பண்ணுவான். ஒருத்தன் வெளக்க அணைக்க மறப்பான். ஒருத்தன் வீட்டு நெனப்புல போன எடுத்துப் பேசுவான். அதத்தான் நான் பிடிச்சேன்."

"இதுல ஒண்ணும் தெரியலையா?"

உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பார்த்து முடித்த படங்களை ஒதுக்கிவிட்டு, முதல் படத்தைத் திரும்ப எடுத்து, அதன் மேல் மூலையில் விரலை வைத்தார்.

"நீங்க எங்கயாவது ஒரு தப்புப் பண்ணியிருக்கணும், கமாண்டரே. காலையிலேருந்து அத வேண்டிக்கிட்டுத்தான் பாக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பிலவேந்திரன் யோசித்தார். வண்ணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக, மனசுக்குள் வெகு நேரம் தேடினார்.

ஒரு தப்புகூட அகப்படவில்லை.